நாள்தொடரும் இணையத்தொடரும்

1. ஆய்வின் பொருள்

கதையை ஏந்திவரும் ஊர்தி மாறினால் கதையின் உருவமும் மாறும் என்பது இலக்கிய வரலாறு காட்டும் உண்மையாகும். ஓலைச் சுவடியில் வாழ்ந்த காப்பியம் ஓதுவாரையும் கேட்பாரையும் நோக்கி அமைந்தது. அச்சில் வாழ்ந்த புதினம் தனியே இருந்து படிப்பாரை நோக்கி அமைந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மாலைப் பொழுதை ஆட்சி செய்துவரும் தொலைக்காட்சி நாள்தொடருக்கும், 2017ஆம் ஆண்டை ஒட்டித் தமிழில் வேரூன்றத் தொடங்கிய இணையத்தொடருக்கும் இடையே இத்தகையதொரு வேறுபாடு உண்டு. இவ்விரண்டையும் தாங்கும் வாணிக அடிப்படைகள் தம்முள் மாறுபட்டவை. அம்மாறுபாடு கதையமைப்பிலும் மாந்தர் படைப்பிலும் மொழியிலும் எங்ஙனம் வெளிப்படுகின்றது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைக்காட்சித் தொடர் ஆராய்ச்சிக்குத் தகாத பொருள் என்னும் எண்ணம் நம் துறையினர் சிலரிடம் இன்னும் உண்டு. வார இதழ்த் தொடர்கதையையும் ஒருகாலத்தில் அங்ஙனமே ஒதுக்கினர். 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன் இன்று ஆய்வேடுகளுக்குப் பொருளாக அமைந்துள்ளது. மக்கள் நாள்தோறும் விரும்பி நுகரும் கதை எதுவாயினும் அதன் இயல்பை அறிதல் இலக்கிய ஆராய்ச்சியின் கடமை. அதனைப் போற்றுதலும் தூற்றுதலும் அறிந்தபின் செய்யத்தக்கன.

2. தொடர்ந்து சொல்லும் மரபு

ஒரு கதையைப் பல நாள் பகுத்துச் சொல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. வட தமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் விழாவை ஒட்டிப் பாரதம் பல நாள் படிக்கப்பெறுகின்றது. இரவெல்லாம் கூத்தாக ஆடவும்பெறுகின்றது. அச்சேறிய காலத்தில், 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் பி. ஆர். இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் பகுதி பகுதியாக வந்தது. ஆங்கிலத்தில் டிக்கென்சின் பிக்விக் கதை 1836, 1837ஆம் ஆண்டுகளில் திங்கள்தோறும் வெளியான சிறு சுவடிகளாகவே மக்களைச் சென்றடைந்தது.

எனினும் இவற்றிடையே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. பாரதம் கேட்க வந்தவன் அபிமன்யு இறப்பான் என்பதை அறிந்தே வருகின்றான். என்ன நிகழும் என்பதன்று, எவ்வாறு சொல்லப்படும் என்பதே அவன் எதிர்பார்ப்பது. இதழ்த் தொடர்கதையைப் படிப்பவனோ முடிவை அறியாதவன். அவன் அறியாமையே இதழின் விற்பனைக்கு முதல். அடுத்த கிழமையும் அவன் காசு கொடுக்க வேண்டுமாயின் இந்தக் கிழமை அவனை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். கூத்தின் தொடர்ச்சி விழாவால் நேர்ந்தது. தொடர்கதையின் தொடர்ச்சி வாணிகத்தால் நேர்ந்தது. தொலைக்காட்சி நாள்தொடர் இவ்விரு மரபுகளுக்கும் பிறந்த பிள்ளை என்று கொள்வது பொருந்தும். நாள்தோறும் ஒரே பொழுதில் கூட்டுதலைக் கூத்திலிருந்தும், முடிவை மறைத்து நிறுத்துதலைத் தொடர்கதையிலிருந்தும் அது பெற்றது.

3. நாள்தொடரின் வாணிகம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அரசின் நிலையத்தில் நாடகங்கள் கிழமைக்கொரு முறை வந்தன. தொடர்களும் சில கிழமைகளில் முடிந்தன. கே. பாலசந்தரின் ‘இரயில் சிநேகம்’ அக்காலத்துத் தொடர்களுள் நினைவுகூரத்தக்கது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தோன்றியபின் தனியார் அலைவரிசைகள் பெருகின. 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை ஒளிபரப்பாகிய ‘சித்தி’ நாள்தொடரை வீட்டு வழக்கமாகவே ஆக்கிவிட்டது. 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’ 800க்கு மேற்பட்ட பகுதிகளையும், 2003 முதல் 2009 வரை வந்த ‘கோலங்கள்’ 1,500க்கு மேற்பட்ட பகுதிகளையும் உடையன. 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்கள் இவ்வவையிற் சேர்ந்தன.

இத்தொடர்களின் பொருள்வரவு விளம்பரத்தால் அமைந்தது. தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தி ஓர் அரைமணி நேரத்தைப் பெற்று, அதனுள் விளம்பரத்திற்குரிய நொடிகளை விற்று வருவாய் ஈட்டும் முறை தமிழில் நெடுங்காலம் வழங்கியது. அலைவரிசையே பணம் கொடுத்துத் தொடரை ஆக்குவிக்கும் முறை பின்னர்ப் பரவியது. இரண்டிலும் விளம்பரத்தின் விலையை உறுதிசெய்வது, தேர்ந்தெடுத்த சில இல்லங்களிற் பொருத்திய கருவிகள் கிழமைதோறும் காட்டும் பார்வையாளர் கணக்கு. தயாரிப்பாளருக்குத் தொடர் முடிவதனால் ஊதியமில்லை. நீள்வதனாலேயே ஊதியம் உண்டு. அமெரிக்காவிலும் இதுவே நிலை. சவர்க்கார உற்பத்தியாளர் பொருளுதவியால் வளர்ந்தமையால் அங்கு இவ்வகை நாடகங்கள் சவர்க்காரத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டில் வானொலியிற் தொடங்கி 1952இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘கைடிங் லைட்’ என்னும் தொடர் 2009ஆம் ஆண்டுவரை, ஆக 72 ஆண்டுகள், நடைபெற்றது.

4. நாள்தொடரின் இலக்கணம்

இவ்வாணிகத்தினின்று ஓர் இலக்கணம் பிறந்தது. அதனை மூன்று கூறுகளாகக் காணலாம்.

முதலாவது, கூறியது கூறல். நூலுக்குக் குற்றமெனத் தொன்னூலார் விலக்கிய இஃது ஈண்டு இன்றியமையாத உறுப்பாயிற்று. நேற்றைய பகுதியைக் காணாதவர் இன்று காண வருவர். ஆகவே, ஒரு செய்தி வெளிப்படுமிடத்து அதனை ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லுவதும், அவர் பிறிதொருவர்க்குச் சொல்லுவதும் மூன்று நாள்வரை நிகழும். ஒவ்வொரு முறையும் செய்தி ஒன்றே. கேட்பவர் முகமே வேறு.

இரண்டாவது, செவிக்கு முதன்மை. நாள்தொடரைக் காண்பார் என்று கூறுகின்றோமேனும், உண்மையில் அவருட் பலர் கேட்பாரே. அடுக்களையில் வேலை செய்துகொண்டு கூடத்தில் ஒலிக்கும் தொடரைப் பின்பற்றும் பெண்டிரை நோக்கியே உரையாடல் எழுதப்படுகின்றது. உறவுப் பெயரைச் சொல்லி அழைத்தபின்னரே மாந்தர் பேசுவதும், மனத்துள் நினைப்பது குரலாக ஒலிப்பதும், அதிர்ச்சிக்கு ஓர் இசை, துயர்க்கு ஓர் இசை என வரையறுத்திருப்பதும் இதன்பொருட்டே. திரையைக் காணாமலேயே முழுவதும் விளங்கும் காட்சிக் கலை என்று இதனை முரண்பட உரைக்கலாம். கூத்தின் கட்டியங்காரன் செய்த பணியை ஈண்டு இசையும் உறவுப்பெயரும் செய்கின்றன.

மூன்றாவது, முடிபின்மை. ‘மெட்டி ஒலி’ யில் ஐந்து பெண்களை மணம்செய்து கொடுக்கும் தந்தையின் கடமை கதைக்கு ஓர் இயற்கையான எல்லையைத் தந்தது. அதனாலேயே அத்தொடர் நீண்டும் கட்டுக்கோப்பு குலையாது நின்றது. அத்தகைய எல்லை இல்லாத தொடர்களிற் சிக்கல் தீருமிடத்துப் புதிய சிக்கலொன்றை வெளியிலிருந்து கொணர்தல் வேண்டியதாகின்றது. இது படைப்பாளியின் ஆற்றற் குறைவன்று; முடிவை விரும்பாத வாணிகத்தின் விளைவு.

5. இணையத்தின் வருகை

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் இணையவழித் திரையிடலைத் தொடங்கியது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. கிழமை என்னும் இடைவெளி அன்று நீக்கப்பட்டது. இந்தியாவில் 2015இல் ஹாட்ஸ்டாரும், 2016 சனவரியில் நெட்ஃபிளிக்சும், அவ்வாண்டு டிசம்பரில் அமேசான் பிரைமும் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வரவால் செல்பேசி இணையத்தின் விலை வீழ்ந்தது. 2017இல் சன் நெக்சும் 2018இல் ஜீ5 தளமும் தொடங்கின. ஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரி முதல் ஜியோஹாட்ஸ்டார் என வழங்குகின்றது. இந்திய ஊடக வாணிகத்தின் வருவாயில் 2024ஆம் ஆண்டில் இணைய ஊடகம் தொலைக்காட்சியை முதன்முறையாக விஞ்சியது என்பது வாணிகக் கணக்காளர் கூற்று.

சந்தாவால் வாழும் தளம் கேட்கும் வினா வேறு. ‘நாளையும் பார்ப்பாரா?’ என்பது நாள்தொடரின் வினா. ‘சந்தா செலுத்த முன்வருவாரா? செலுத்தியவர் நீங்காதிருப்பாரா?’ என்பது தளத்தின் வினா. ஆகவே, ஏழெட்டுப் பகுதிகளில் முடியும் கட்டுக்கோப்பான கதை, முதற்பகுதியிலேயே பிணைக்கும் மருமம், ஓரிரு புகழ்வாய்ந்த நடிகர் ஆகியவற்றை அது நாடுகின்றது. எழுத்தாளர் முழுக்கதையையும் முதலிலேயே எழுதி முடிக்கின்றார். கிழமைக் கணக்கைக் கண்டு மாற்றுவதற்கு இடமில்லை. தமிழ் இணையத்தொடர்களிற் பல கொலை வழக்காகவும் காணாமற்போன பெண்ணைத் தேடுவதாகவும் அமைந்திருத்தல் தற்செயலன்று.

ஆனால், இணையம் வந்தவுடன் நாள்தொடர் மறைந்தது என்று எண்ணுதல் பிழை. மறைவதற்கு மாறாக அது புதிய ஊர்தியிலும் ஏறிக்கொண்டது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கிற் படப்பிடிப்பு நின்றபோது ‘மெட்டி ஒலி’ மறுபடியும் ஒளிபரப்பாகிப் புதிய பார்வையாளரைப் பெற்றது. அலைவரிசையில் வருமுன்னரே அன்றைய பகுதியைச் சந்தாதாரர்க்குக் காட்டும் முறையும் வழக்கிற்கு வந்தது. அமெரிக்காவில் 1965 முதல் நடைபெற்றுவந்த ‘டேய்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022 செப்டம்பரில் அலைவரிசையை விட்டு இணையத் தளத்திற்கே குடிபெயர்ந்தது. தமிழில் 2024இல் ஹாட்ஸ்டாரில் வந்த ‘ஹார்ட் பீட்’ கிழமைக்குச் சில பகுதிகளாக நூறு பகுதிகள் நடைபெற்றது. இணையத்திற்கென்றே ஆக்கப்பட்டதாயினும், நீளத்தாலும் தவணையாலும் அது நாள்தொடரின் உறவு. முழுவதையும் ஒருநாளிற் கொடுத்தால் பார்வையாளர் ஒருநாளில் உண்டு விலகுவர் என்பதை உலகத் தளங்கள் கண்டுகொண்டன; நீக்கிய இடைவெளியை அவையே மீண்டும் வைக்கின்றன.

6. கல்லங்குறிச்சியிற் கண்டவை

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊர். திருவுருவத்திற்கு மாறாகக் கற்கம்பமே அங்கு வழிபாட்டிற்குரியது. காணாமற்போன சினைப்பசு காட்டில் அக்கம்பத்தின் அருகே கண்டெடுக்கப்பட்ட கதையை ஊரார் பலரும் அறிவர். அறிந்தவர்க்கே மீண்டும் சொல்லப்படுவதும், சொல்லுந்தோறும் சுவை குன்றாததும் அக்கதையின் இயல்பு. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தொடர்களை நுகரும் முறையை யாம் சில திங்கள் உசாவினோம். கணக்கெடுப்பு எம் நோக்கமன்று. மக்கள் பேச்சில் தொடர் பெறும் இடத்தை அறிதலே நோக்கம்.

முதியோர் பேச்சில் தொடரின் பெயர் பொழுதின் பெயராகவும் வழங்குகின்றது. ‘கோலங்கள் போடுற நேரத்துல வந்தாங்க’ என்று பழைய நிகழ்ச்சியொன்றின் காலத்தைக் குறித்தார் ஒரு மூதாட்டி. காலையிற் குழாயடியிலும் களையெடுப்பிலும் பெண்கள் ஒருவரையொருவர் வினவிய முதல் வினா, ‘நேத்துப் பாத்தியா அக்கா?’ என்பது. பாராதவர்க்குப் பார்த்தவர் சொல்லுவர். சொல்லும்போது நடித்துக் காட்டுவர், வில்லியை வைவர், தம் வீட்டு மாமியாரையும் இடையிடையே ஒப்பிட்டுரைப்பர். ஒளிபரப்பு முடிந்தபின் மறுநாட் காலையில் அத்தொடர் வாய்மொழிக் கதையாக இரண்டாம் பிறவி எடுத்தது எனலாம். ஒரே பொழுதில் ஒரே கதையை ஊர் முழுவதும் கண்டமையே அதற்கு அடிப்படை.

இன்று அதே வீடுகளில் செல்பேசி உண்டு. முதியவர் கூடத்தில் நாள்தொடர் காண்கின்றனர். மருமகள் வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குத் தன் செல்பேசியில் அதே தொடரைக் காண்கின்றாள். கல்லூரி மாணவன் வேறொரு மொழித் தொடரைத் தமிழ்க் குரலிற் கேட்கின்றான். ஒருவர் நான்காம் பகுதியிலும் மற்றொருவர் ஏழாம் பகுதியிலும் நிற்கின்றனர். எனவே, ‘நேத்துப் பாத்தியா?’ என்னும் வினா பொருளிழந்தது. அவ்விடத்தில், ‘எதுவரைக்கும் பாத்திருக்க? சொல்லிடாத’ என்னும் எச்சரிக்கை வந்துள்ளது. முன்பு கதை சொல்லுதல் உதவியாக இருந்தது. இன்று அதுவே குற்றமாகின்றது. சிறு மாற்றம் போல் தோன்றும் இஃது எம் ஆய்வில் யாம் கண்ட பெருமாற்றம். கதை ஊர்ப் பொதுச் சொத்தாக இருந்த நிலை மாறித் தனியொருவர் கையிற் பூட்டிவைக்கும் உடைமையாகின்றது. கம்பத்துப் பெருமாளின் கதையை யாரும் ‘சொல்லிடாத’ என்று தடுப்பதில்லை.

7. எதிர்நீச்சலும் அயலியும்

இருவகைத் தொடர்களின் ஆற்றலையும் குறையையும் அறிய, ஒரே பொருளை எடுத்துக்கொண்ட இரண்டினை ஒப்பிடுதல் நலம். திருச்செல்வம் இயக்கிச் சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி முதல் 2024 சூன் வரை 700க்கு மேற்பட்ட பகுதிகளாக வந்தது ‘எதிர்நீச்சல்’. முத்துக்குமார் இயக்கி ஜீ5 தளத்தில் 2023 சனவரி 26ஆம் நாள் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது ‘அயலி’. கற்ற பெண்களை வீட்டுக்குள் அடக்கும் ஆதி குணசேகரனின் குடும்பத்தை முன்னது காட்டுகின்றது. பூப்பெய்திய பெண்ணின் கல்வியை நிறுத்தி மணம்செய்து கொடுக்கும் ஊர்க் கட்டுப்பாட்டைப் பின்னது காட்டுகின்றது. பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துதல் என்பதே இரண்டின் பொருளும்.

‘அயலி’ யில் தமிழ்ச்செல்வி என்னும் சிறுமி மருத்துவராக விரும்பித் தான் பூப்பெய்தியதை மறைக்கின்றாள். இவ்வொரு மறைப்பிலிருந்தே கதை முழுவதும் விரிகின்றது. தாய் அறிதல், ஊர் ஐயுறுதல், தெய்வத்தின் பெயரால் அச்சுறுத்தல் என ஒவ்வொரு பகுதியும் முந்தியதன் விளைவாகவே நிகழ்கின்றது. கொணர்ந்து ஒட்டிய சிக்கல் இல்லை. புதுக்கோட்டைப் பகுதியின் பேச்சு வழக்கு மாந்தர்தோறும் வேறுபட்டு ஒலிக்கின்றது. தாய் குருவம்மாளின் மாற்றம் உரையால் அறிவிக்கப்படாது செயலால் உணர்த்தப்படுகின்றது. கண்ணூன்றிப் பார்ப்பவர்க்கே அது புலனாகும். அடுக்களையிலிருந்து கேட்பவர்க்கு விளங்காது.

‘எதிர்நீச்சல்’ அத்தகைய செறிவுடையதன்று. இகழ்ச்சி, மறுமொழி, வெளியேற்றம், திரும்புதல் என்னும் வட்டம் பலமுறை சுழல்கின்றது. எனினும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. ஈசுவரி, நந்தினி, ரேணுகா என்னும் மருமக்கள் மூவரும் ஒருநாளிலே அச்சம் நீங்குவதில்லை. இன்று ஒரு சொல் எதிர்த்துப் பேசுகின்றனர். நாளை அதற்கு அஞ்சுகின்றனர். மறு திங்களில் ஒரு வாசற்படி தாண்டுகின்றனர். அடிமை மனம் மாறும் வேகம் உண்மையில் இத்தகையதே. இரண்டாண்டுக்கு மேலாக அவர்களோடு வாழ்ந்த பார்வையாளர் அம்மெதுவான மாற்றத்தைத் தம் காலத்தாலேயே அளந்தறிந்தனர். எட்டுப் பகுதிகளில் முடியும் தொடர் எத்துணைத் திறனுடையதாயினும் இந்தக் காலவுணர்வைத் தருதல் அரிது. நீட்சி குற்றமேயன்றிக் குணமும் ஆகும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் நீட்சிக்குக் கொடுத்த விலையையும் எண்ணுதல் வேண்டும். மருமக்கள் விடுதலை பெற்றுவிட்டால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் வருவாய் நின்றுவிடும். ஆகவே, பெண் விடுதலையைப் பொருளாகக் கொண்ட தொடர், தான் வாழும்பொருட்டு அவ்விடுதலையைத் தள்ளிவைத்துக்கொண்டே செல்ல வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் தொடங்கிய அதன் தொடர்ச்சியும் இதனையே காட்டுகின்றது. இது கதையின் கருத்துக்கும் வாணிகத்துக்கும் இடையே நேர்ந்த நேரடி முரண். ‘அயலி’ க்கு இம்முரண் இல்லை. அதன் ஊதியம் முடிவினால் குறைவதன்று.

‘எதிர்நீச்சலில்’ புதிய ஊடகம் வேறொரு மாற்றத்தையும் விளைத்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் உரையாடல்கள் சிறு துணுக்குகளாக வெட்டப்பட்டுச் சமூக ஊடகங்களிற் பரவின. நாள்தொடரைப் பாராத இளைஞரும் அவற்றைப் பார்த்து நகைத்தனர். தொடரினுள் அச்சுறுத்தும் சொல்லாக இருந்தது துணுக்கினுள் நகைச்சுவையாயிற்று. அச்சொல்லால் அடிபட்ட பெண்ணின் முகம் வெட்டில் நின்றொழிந்தது. ஒரு பாத்திரத்தை முன்பின் தொடர்பின்றி எடுத்தாளும்போது அதன் பொருள் தலைகீழாதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 2023 செப்டம்பர் 8ஆம் நாள் மாரிமுத்து மறைந்தார். பின்னர் அப்பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். உடலும் குரலும் மாறியபின் பாத்திரம் முன்போல் ஊன்றவில்லை என்பது எம் கருத்து. நாள்தொடரின் மாந்தர் எழுத்தினும் மிகுதியாக நடிகரையே சார்ந்து வாழ்வதை இது காட்டும்.

இனி ஒரு வினா எழுகின்றது. ‘அயலி’ யாருக்காக எழுதப்பட்டதோ அவரை அது சென்றடைந்ததா? நாம் உசாவிய ஊர்களில் ‘எதிர்நீச்சலை’ அறியாத பெண்டிரைக் காண்டல் அரிதாயிற்று. ‘அயலி’ யை அறிந்தவரோ சிலரே. அவருள்ளும் பலர் மகனோ மகளோ காட்டக் கண்டவர். தன் முடிவைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்ற தொடர் ஊர்ப் பொதுவை இழந்தது. ஊர்ப் பொதுவைப் பெற்ற தொடர் முடிவை இழந்தது. இன்றைய தமிழ்த் தொடர்க்கலையின் இடர்ப்பாடு இதுவே.

8. உலக அவைக்கு எழுதுதல்

2021ஆம் ஆண்டு கொரிய மொழியின் ‘ஸ்குவிட் கேம்’ உலகெங்கும் பரவியபின், வட்டார மொழிக் கதைக்கும் உலகச் சந்தை உண்டு என்னும் நம்பிக்கை வலுத்தது. புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதி 2022 சூன் 17ஆம் நாள் அமேசான் பிரைமில் வெளிவந்த ‘சுழல்’ முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒரே வேளையிற் சென்றது. புலம்பெயர்ந்த தமிழர் முன்னாளில் நாடாக்களையும் குறுந்தகடுகளையும் கடைகளில் வாடகைக்குப் பெற்று நாள்தொடர் கண்ட நிலையோடு ஒப்பிட, இவ்வளர்ச்சி வியப்பிற்குரியது.

‘சுழல்’ மலையூர் ஒன்றில் சிமெண்டு ஆலை எரிவதிலும் ஒரு பெண் காணாமற்போவதிலும் தொடங்குகின்றது. அங்காளம்மன் மயானக் கொள்ளை விழா நாள்கள் கதையின் சட்டகமாக அமைகின்றன. காட்சியழகும் பின்னலும் பாராட்டத்தக்கன. ஆனால், சுண்ணாம்புக்கல் அகழ்விடங்களும் சிமெண்டு ஆலைகளும் சூழ்ந்த அரியலூர்ப் பகுதியிலிருந்து இதனைக் காணுங்கால் ஒன்று புலப்படுகின்றது. தொடக்கத்தில் முன்னிற்கும் ஆலைத் தொழிலாளர் சிக்கல் மெல்லப் பின்னொதுங்கித் துப்பறிதலே முதன்மை பெறுகின்றது. தொழிற்சங்கப் பூசல் அவ்வூர்க்கே உரிய வரலாற்றை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும்; மருமமோ எம்மொழியினர்க்கும் விளங்கும். விழாவும் உலகக் கண்ணுக்கு வண்ணமாக விளங்கும். எனவே, மொழிபெயர்ப்பிற்கு எளியன மிகுந்தும் அரியன குறைந்தும் நிற்கின்றன. அகத்திணை மரபில் நிலம் மாந்தரின் ஒழுக்கத்தோடு பிரிப்பின்றி இயையும். உலகச் சந்தைக்கென எழுதும்போது நிலம் பின்புலத் திரையாகிவிடும் இடர் உண்டு. ‘அயலி’ இவ்விடரைத் தப்பியது. அதன் தெய்வம் காட்சிப்பொருளன்று, கதையின் முடிச்சே அது.

9. மூலமும் காப்பும்

ஆராய்ச்சியாளர்க்கு உடனடியாகக் கவலை தரவேண்டியது பிறிதொன்று. 1975 முதல் அரசு நிலையத்தில் வந்த நாடகங்களுட் பெரும்பகுதி இன்று மாணவர்க்கு எளிதிற் கிட்டுவதில்லை. நாள்தொடர்களுள் உரிமையாளர் விரும்பி யூடியூபில் இட்டவையே காணக் கிடைக்கின்றன. இணையத் தளத்தில் உள்ளவை என்றும் நிற்கும் என்று நம்புதற்கும் இடமில்லை. ‘வெஸ்ட்வேர்ல்டு’ என்னும் பெருஞ்செலவுத் தொடரை அதனை ஆக்கிய நிறுவனமே 2022 டிசம்பரில் தன் தளத்தினின்றும் நீக்கியது. சந்தா செலுத்துவோர் பார்க்கும் இசைவைப் பெறுகின்றாரேயன்றிப் படைப்பைப் பெறுவதில்லை. சுவடி வீட்டுப் பரணிற் கிடந்தமையாலன்றோ உ. வே. சாமிநாதையர் தேடிக் கண்டு 1887இல் சிந்தாமணியை அச்சிட முடிந்தது. பரணே இல்லாத படைப்பை எங்கே தேடுவது?

ஆதலின், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, நாள்தொடர்களின் கதைச் சுருக்கம், உரையாடற்படி, எழுத்தாளர் பெயர், ஒளிபரப்பு நாள் ஆகியவற்றை உரிமையாளர் இசைவுடன் திரட்டி வைத்தல். 1994இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வெகுமக்கள் அச்சுப் பொருள்களையும் போற்றிக் காத்தமை இதற்கு முன்மாதிரி. மற்றொன்று, ஊர்களில் இத்தொடர்கள் எவ்வாறு மீளச் சொல்லப்பட்டன என்பதை நாட்டார் வழக்காற்றியல் முறையிற் பதிவுசெய்தல். முன்னதற்குக் காலம் சிறிது தாழ்க்கலாம். பின்னதற்குத் தாழ்க்க இயலாது. அவ்வாறு கதை சொன்ன தலைமுறை மூப்பெய்திவிட்டது.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன போதரும். நாள்தொடரின் கூறியது கூறலும் செவிமுதன்மையும் முடிபின்மையும் விளம்பர வாணிகத்தினின்றும் பிறந்தன. இணையத்தொடரின் செறிவும் மருமமும் காட்சிமுதன்மையும் சந்தா வாணிகத்தினின்றும் பிறந்தன. ஊர்தி உருவை வகுக்குமேனும் தரத்தை வகுப்பதில்லை; நீண்ட வடிவில் ‘மெட்டி ஒலி’ யும் குறுகிய வடிவில் ‘அயலி’ யும் தத்தம் எல்லையுள் வெற்றி கண்டன. ஒரே பொழுதில் ஊர் கூடிக் கேட்டலும், கேட்டதைப் பிறர்க்குச் சொல்லுதலும் குறைந்து வருகின்றன. இவ்விழப்பை எந்தத் தளத்தின் கணக்கும் காட்டாது. ‘அயலி’ போன்றதொரு கதை அலைவரிசையில் எல்லாரும் காணும் பொழுதில், முடியவேண்டிய இடத்தில் முடியும் உரிமையோடு, சில திங்களேனும் வருமாயின் தமிழ்த் தொடர்க்கலை தன் இரு கைகளையும் பெற்றதாகும். பிரேசில் நாட்டு நாள்தொடர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிவெய்தியும் அந்நாட்டு மாலைப்பொழுதை ஆளுகின்றன. நாள்தோறும் வருதலும் முடிவுடைமையும் ஒருங்கே இயலும் என்பதற்கு அதுவே சான்று.